படகுத்துறையில் வாங்கி வைத்த தீப்பெட்டிகள்

போன மாதம் பாறசாலையில் ஒரு கல்யாண வீட்டில், நான் முன்பு வேலை பார்த்த தீவில் இப்போது வேலை பார்க்கும் பிள்ளைகள் இரண்டு பேரைப் பார்த்தேன். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன் கேட்டான்: “அண்ணா, படகுத்துறை ஆபீசில ஒரு தகர டப்பா கிடக்கு. உள்ள ஒக்க பழைய லைட்டரும் தீப்பெட்டியும். உப்புக்காத்து பட்டு துருப்பிடிச்சு போச்சு. ஒரு தீப்பெட்டிய மட்டும் ஆரோ பிளாஸ்டிக் உறையில சுத்தி வச்சிருக்காவ. அதிலயும் நாலஞ்சு குச்சிதான் மிச்சம். எடுத்துக் களையட்டா?”

“களையாண்டாம்” என்றேன்.

“என்னத்துக்கு?”

அதற்குள் பாயசம் வந்துவிட்டது. இலையில் ஊற்றிய பாயசத்தைப் பப்படம் பொடித்துக் குடிக்கிற நேரத்தில் சொல்லி முடிக்கிற கதை இல்லை அது. “எழுதித் தாறேன்” என்று சொன்னேன். “நம்ம பென்ஷன்காரரு எழுதப் போறாரு” என்று மற்றவன் சிரித்தான். அவர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் அது. எனக்கு முப்பது வயது ஆகவில்லை. ஆனால் நான் செய்த வேலை இப்போது அந்தத் தீவில் இல்லை. கூடாரங்கள் போய், மரத்தளம் போட்ட சின்ன வீடுகள் வந்துவிட்டன. ஏசி உண்டு, எந்த நேரமும் படகு உண்டு. அங்கே கூடாரம் விரிக்கவும் கயிறு பிடிக்கவும் ஆள் வேண்டாம். ஆகவே ஓய்வு பெற்றவன் என்று சொன்னால் ஒத்துக்கொள்கிறேன். இப்போது ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காக இடத்தைச் சொல்லிவிடுகிறேன். திருப்புறம் தாண்டி, ஆறு கடலில் போய்ச் சேரும் இடத்தில் ஒரு மணல்தீவு. மேற்கே கடல், கிழக்கே காயல், நடுவில் காற்றாடி எனும் சவுக்கு மரமும் தாழையும். அதைக் கடலோரப் பூங்கா ஆக்கி, குடும்பங்கள் வந்து ஒரு ராத்திரி கூடாரத்தில் தங்கிப் போக வழி செய்திருந்தார்கள். கரையில் படகுத்துறை. அங்கிருந்து படகில் வந்தால் தீவு.

என் அப்பா ஆரியங்கோட்டில் மற்றவர்களுடைய தோட்டத்தில் ரப்பர் வெட்டுகிறவர். அம்மா அதே தோட்டத்தில் பால் எடுக்கிறவர். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பு தாண்டிய முதல் ஆள் நான். பிளஸ் டூவுக்குப் பிறகு நெய்யாற்றின்கரையில் சுற்றுலா டிப்ளமா படித்தேன். அந்தப் படிப்பில் கைக்குட்டையை அன்னப்பறவை போல மடிக்கக் கற்றுக்கொண்டேன். ஆங்கிலத்தில் வரவேற்கக் கற்றுக்கொண்டேன். தீவில் நான் சேர்ந்த முதல் நாள், வெள்ளைச் சட்டையும் ஷூவும் போட்டுக்கொண்டு போய் நின்றேன். முகாமின் பொறுப்பாளர் ஸ்டீபன் சார் என்னை மேலிருந்து கீழே பார்த்தார். அவர் வெறுங்காலோடு நின்றார்.

“ஷூ எதுக்காக்கும்?” என்று கேட்டார்.

நான் யோசித்தேன். காரணம் ஒன்றும் கிடைக்கவில்லை. கழற்றிவிட்டேன். அதற்குப் பிறகு வேலையை விடும் வரைக்கும் அதைப் போடவில்லை.

ஸ்டீபன் சாரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று வந்தவர். நல்ல உயரம், காது வரை நரைத்த கிருதா. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலைப் படகில் கரைக்குப் போய், சர்ச்சில் முதல் ஆராதனை முடிந்த கையோடு திரும்பிவிடுவார். சத்தம் போட்டு அவர் பேசி நான் கேட்டதில்லை. ‘முடியாது’ என்றும் சொல்ல மாட்டார். யார் எதைக் கேட்டாலும், “எதுக்காக்கும்?” என்பார். கேட்டுவிட்டு, பதிலுக்காக நிஜமாகவே காத்து நிற்பார். நல்ல காரணம் இருந்தால் கேட்டது கிடைக்கும். இல்லாதவர்கள் காரணம் தேடிக் களைத்துப்போய், தாங்களே “வேண்டாம் சார்” என்று போய்விடுவார்கள். இதை எழுதட்டுமா என்று நேற்று ஃபோனில் கேட்டபோதும் அதையேதான் கேட்டார். டப்பாவைப் பற்றிப் பிள்ளைகள் கேட்டார்கள் என்றேன். “அப்ப எழுது” என்றார்.

அவருக்கு ஒரே ஒரு விஷயத்தில்தான் கேள்வியும் கிடையாது, பதிலும் கிடையாது. அது தீ.

நான் சேர்ந்த வாரம் கிழிந்த கூடாரத் துணி ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, அடுக்களையின் சிமெண்டுத் தரையில் என்னை உட்கார வைத்தார். இடுக்கியால் துண்டைப் பிடித்து அடுப்புத் தீயில் காட்டினார். அது குபீரென்று எரியும் என்று நினைத்தேன். எரியவில்லை. சுருங்கியது, பிறகு கறுத்த சொட்டாகத் தரையில் விழுந்தது.

“நைலான் எரியும்னு நெனச்சியா மக்கா? அது உருகும். உருகி மேல ஒட்டும். ஒட்டினா தோலோட தான் கழண்டு வரும்.” கொஞ்ச நேரம் அந்தச் சொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். “நான் கழட்டியிருக்கேன்.”

கூடாரங்களுக்கு நடுவில் காற்றாடி மரத்தின் ஊசிச்சருகு மெத்தை போலக் கிடக்கும். தினமும் வாருவோம், தினமும் விழும். கடற்காற்று நிற்பதே இல்லை. அவர் பயப்பட்டதில் நியாயம் இருந்தது.

ஆகவே தீவுக்குள் தீ கிடையாது. அடுக்களைக் கொட்டகையில் மட்டும் காஸ் அடுப்பு. அதைப் பற்றவைப்பதும் அணைப்பதும் அவர் மட்டும். படகில் ஏறும் முன் உயிர்காப்பு ஜாக்கெட் கொடுப்போம் அல்லவா, அதற்கும் முன்னால் சார் அந்தத் தகர டப்பாவை நீட்டுவார். சர்ச்சில் காணிக்கைப் பை நீட்டுவது போலவே இருக்கும். “தீ உண்டுமானா இஞ்ச இடுங்க. போவும்ப தாறேன்.” லைட்டரோ தீப்பெட்டியோ வந்தால், பெயர் எழுதிய துண்டுக் காகிதத்தை ரப்பர் பேண்டால் சுற்றி உள்ளே போடுவது என் வேலை. டப்பாவைச் சார் தீவுக்கும் தன் கையிலேயே கொண்டுபோய் வைத்துக்கொள்வார். மறந்து போனவர்களுடையதுதான் இப்போது அந்த டப்பாவில் கிடப்பதெல்லாம், அந்த ஒரு பெட்டியைத் தவிர.

ஒளித்துக் கொண்டுவருகிறவர்களும் உண்டு. ஒருமுறை நெய்யாற்றின்கரையிலிருந்து இளைஞர் கூட்டம் ஒன்று வந்தது. “ஒண்ணும் இல்ல சார், நாங்க நல்ல பிள்ளைய” என்று ஒருவன் டப்பாவைத் திருப்பிவிட்டான். சார் தலையாட்டினார். எல்லோரும் படகில் ஏறி உட்கார்ந்த பிறகு, கடைசியில் இருந்த பையனைப் பார்த்தார். அவன் ஒரு ரொட்டிப் பாக்கெட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தான்.

“மக்கா, அந்த ரொட்டிக்கும் ஒரு ஜாக்கெட் தரட்டா? ஞானஸ்நானத்துக்குக் கொண்டு போற பிள்ளையப்போல பிடிச்சிருக்க.”

படகோட்டும் மணியன் அண்ணன் முதலில் சிரித்தார். பிறகு படகே சிரித்து ஆடியது. பையன் ரொட்டியைப் பிய்த்து லைட்டரை எடுத்து நீட்டினான். சார் அதில் ஒட்டியிருந்த ரொட்டித் துணுக்கைத் துடைத்துவிட்டுத்தான் டப்பாவில் போட்டார்.

இன்னொரு வழக்கமும் எங்களுக்கு இருந்தது. வருகிறவர்கள் தங்கள் கூடாரத்தைத் தாங்களே கட்ட வேண்டும். நாங்கள் ஒரு கயிற்றைப் பிடித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். மணலில் முளை நிற்காது. எவ்வளவு ஆழமாக அடித்தாலும் ஒரு காற்றில் உருவிக்கொண்டு வரும். அதனால் உரித்த தேங்காயின் மட்டையை எடுத்து நடுவில் கயிற்றைக் கட்டி, முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டிக் குறுக்கே புதைப்போம். மேலே மணல் போட்டு, தண்ணீர் ஊற்றி, மிதிப்போம். பிறகு யானை இழுத்தாலும் வராது. ஆபீசர்களும் டாக்டர்களும் மண்டியிட்டுக் கையால் மணல் தோண்டுவார்கள். முதலில் முணுமுணுப்பார்கள். கட்டி முடித்ததும் கூடாரத்துக்கு முன்னால் நின்று படம் எடுப்பார்கள்.

வில்சன் அண்ணன் வந்தது ஒரு சனிக்கிழமை. மழைக்காலம் முடிந்து காற்றில் குளிர் தட்டத் தொடங்கிய நேரம். அவர் பாறசாலைப் பக்கத்தில் வீடுகளுக்கு வயரிங் செய்கிற எலக்ட்ரீசியன். சொன்ன நேரத்துக்கு வெகு முன்பே துறைக்கு வந்து, இரண்டு பெரிய பைகளோடு நின்றுகொண்டிருந்தார். சாயா கொடுத்தேன். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்தார்.

ஆட்டோவில் ஒரு பெண்ணும், ஆறு வயது இருக்கும் ஒரு சிறுமியும் வந்து இறங்கினார்கள். பெண்ணின் பெயர் சிந்து. பாலராமபுரத்தில் ஒரு கைத்தறிக் கடையில் வேலை. சிறுமியின் பெயர் மாளு. சிந்து வில்சன் அண்ணனிடம் ஒன்றும் பேசவில்லை. மாளுவின் சின்னப் பையை என்னிடம் தந்தார்.

“ராத்திரி குளிரும்னா தலையில தோர்த்துத் துண்டு கெட்டி விடணும். மீன்ல முள்ளு நோக்கிக் கொடுக்கணும்” என்றார் என்னிடம். பிறகு குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, “அழுது கரைஞ்சான்னா உடனே ஃபோன்ல விளிக்கணும், கேட்டோ. நான் இவிட, திருப்புறத்தில எனக்க சித்தி வீட்டிலயாக்கும் இருக்கேன். எந்த நேரமானாலும் வருவேன்.”

“விளிக்கேன் சேச்சி” என்றேன்.

மாளு கையை விட்டுவிட்டு வந்தாள். அழவில்லை. டப்பாவை நீட்டிய ஸ்டீபன் சாரிடம், “எனக்க கையில தீ இல்ல” என்று இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினாள். சார் குனிந்து இரண்டையும் நன்றாகப் பார்த்துவிட்டு, “செரி, ஏறலாம்” என்றார்.

கூடாரம் கட்டும்போது, கயிற்றைப் பிடித்திருந்த என்னிடம் வில்சன் அண்ணன் சொன்னார். மாளு கொஞ்சம் தள்ளி நண்டுக் குழிகளைக் குச்சியால் குத்திக்கொண்டிருந்தாள்.

“நாங்க பிரிஞ்சு ரெண்டு வருசத்துக்கு மேல ஆச்சு தம்பி. பிள்ளைய பகல்ல காணலாம், பார்க்கில, கடையில. ராத்திரி எனக்க கூட நிக்கது இதாக்கும் முதல். எத்தன பேரு பேசி சம்மதிக்க வச்சது தெரியுமா. ‘ஒரு ராத்திரி பாக்கலாம், பிள்ள அழாம நின்னா பெறகு யோசிக்கலாம்’னு அவ சொன்னா.” தேங்காய் மட்டையைக் குழியில் வைத்து மணலைத் தள்ளினார். “அழுதான்னா இனி கேக்க எனக்கு வாயில்ல.”

“அழமாட்டா அண்ணா. நல்ல இடமில்லியா இது.”

“நீ சொன்னா செரி” என்று சிரித்தார். மாளுவைக் கூப்பிட்டு மணலை மிதிக்கச் சொன்னார். அவள் இரண்டு காலாலும் குதித்தாள். அவரை அவள் அப்பா என்றோ வேறு பெயர் சொல்லியோ கூப்பிடவில்லை என்பதைக் கவனித்தேன். ஏதாவது வேண்டுமென்றால் பக்கத்தில் வந்து சட்டையை இழுத்தாள்.

அவர் எதையும் மறக்கவில்லை. அந்தப் பெரிய பைகளில் எள்ளுருண்டை, சிப்ஸ், பட்டம், படம் வரையும் புத்தகம், புதிய போர்வை, கொசு கடிக்காமலிருக்கத் தடவுகிற மருந்து எல்லாம் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, பேட்டரியில் எரிகிற சின்ன விளக்குச் சரம் ஒன்றை அவரே இணைத்துச் செய்து கொண்டுவந்திருந்தார். வெயில் தாழும் வரை அவளுக்குத் தெரியாமல் அதைக் கூடாரத்தின் உச்சியிலிருந்து வாசல் வரை கட்டினார். சூரியன் கடலில் தொட்ட நேரத்தில் ஸ்விட்சைப் போட்டார். சிவப்பும் பச்சையும் நீலமுமாக அந்தக் கூடாரமே மினுங்கியது. மற்றக் கூடாரத்துக் குழந்தைகள் ஓடிவந்து நின்றார்கள்.

மாளுவும் பார்த்தாள். முகம் மலர்ந்துதான் இருந்தது. பிறகு சுற்றிலும் எதையோ தேடினாள். அவர் சட்டையை இழுத்தாள்.

“வெளக்கு கொளுத்தாண்டாமா?” என்றாள்.

“இது வெளக்குதானே மோளே. எத்தன வெளக்கு, எண்ணிப் பாரு.”

“இதல்ல. சந்த்யா வெளக்கு.”

வில்சன் அண்ணனின் கை ஸ்விட்சிலேயே நின்றுவிட்டது.

அந்தி நேரத்து விளக்கு. பாலராமபுரத்தில் அவள் அம்மா வீட்டில் அதை ஏற்றி, அதற்கு முன்னால் உட்கார்ந்து கடவுள் நாமம் சொல்லி, அதற்குப் பிறகுதான் குழந்தைகளுக்குச் சாப்பாடு. எங்கள் ஊர்களில் அடுத்தடுத்த வீடுகளில் ஒரே நேரத்தில் ஒன்றில் நாமமும் ஒன்றில் ஜெபமும் கேட்கும். யாரும் அதைப் பெரிதாக நினைப்பதில்லை. ஒரே வீட்டுக்குள் இரண்டும் வந்தபோது நடந்ததைத்தான் வில்சன் அண்ணன் அப்போது யோசித்திருப்பார். அவர் மூன்று தலைமுறையாக மிஷன் சர்ச்சில் இருக்கும் குடும்பம். பட்டத்திலிருந்து கொசு மருந்து வரை எல்லாவற்றையும் யோசித்த மனிதர், அந்தி என்று ஒன்று வரும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

நான் ஓடிப்போய் தீவிலிருந்த முகாம் ஆபீசிலிருந்து பெரிய சார்ஜ் விளக்கைக் கொண்டுவந்தேன். வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் செய்யலாம் அதில். குறைத்து, மஞ்சளாக்கி, அவள் முன்னால் மணலில் வைத்தேன். மாளு அதை மரியாதையோடு பார்த்தாள். “இந்த அண்ணன் கொண்டு வந்தது நல்லதாக்கும்” என்றாள். “பக்ஷே இதில தீ இல்ல.”

அடுக்களையிலிருந்து மரச்சீனிக் கிழங்கும் மீன் கறியும் வந்தன. அவள் தொடவில்லை. அடம் பிடிக்கவில்லை, அதுதான் எங்களுக்குக் கஷ்டமாகப் போயிற்று. ஏதோ தப்பு நடக்கிறது, அதைச் செய்யாமல் சாப்பிட்டால் தானும் அந்தத் தப்பில் சேர்ந்துவிடுவோம் என்கிற மாதிரி, கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். உதடு மெல்லத் துடிக்கத் தொடங்கியது.

“என்ன வீட்டில கொண்டு விடுமா?” என்றாள், கூடாரத் துணியைப் பார்த்து.

வில்சன் அண்ணன் ஃபோனை எடுத்தார். சிந்துவின் பெயரைத் தொடவில்லை. கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். “தம்பி, படகு உண்டா?”

இருட்டினால் படகு கிடையாது. ஆற்றுமுகத்தில் இழுப்பு அதிகம். மணியன் அண்ணன் அப்போதுதான் படகைக் கட்டிக்கொண்டிருந்தார். கட்டி முடிப்பதற்குள் போனால் உண்டு. நான் ஸ்டீபன் சாரைத் தேடி ஓடினேன்.

“சார், படகு ஒருக்கா வேணும்.”

“எதுக்காக்கும்?”

மூச்சு வாங்கச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். வில்சன் அண்ணன் கூடாரம் கட்டும்போது சொன்னதையும் சேர்த்துச் சொன்னேன். கேட்டு முடித்து அவர் படகைப் பார்க்கவில்லை. வெறுங்காலோடு கூடாரத்தை நோக்கி நடந்தார். நான் பின்னால் போனேன்.

மாளுவின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். “மோளே, வீட்டில எத்தன திரி இடும்?”

அவள் மூக்கை உறிஞ்சினாள். “ஒண்ணு மதி.” ஒரு விரலைக் காட்டினாள்.

“எண்ணெ?”

“தேங்காயெண்ணெ.”

சார் என்னிடம் திரும்பினார். “எலே பினு, அடுக்களையில இருந்து ஒரு தேங்காச் செரட்டை கொண்டு வா. எண்ணெயும்.”

அவர் வாயிலிருந்து அது வரும் என்று நான் நினைத்தே இருக்கவில்லை. “சார், தீ...”

“பக்கெட்டும் கொண்டு வா. ரெண்டு. ஒண்ணில தண்ணி, ஒண்ணில மணலு.”

கூடாரங்களை விட்டு வெகுதூரம் தள்ளி, காயல் பக்கத்தில், நீர் வந்து தொட்டுப் போகிற இடத்துக்கு எங்களைக் கூட்டிப்போனார். சருகு ஒன்றுகூட இல்லாத இடம். அங்கும் காலால் ஒருமுறை சுற்றித் தடவிப் பார்த்தார். பிறகு ஈரமணல் தெரியும் வரை கையால் குழி தோண்டி, சிரட்டையை அதில் பதித்தார். “கிழக்கு எது?” என்று மாளு கேட்டாள். வில்சன் அண்ணன் காயலுக்கு அப்பால், திருப்புறத்தின் விளக்குகளைக் காட்டினார். அவள் சிரட்டையில் திரி வைக்கும் ஓரத்தை அந்தப் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

திரி இல்லை. முதலுதவிப் பெட்டியில் பஞ்சு இருக்கிறது என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, வில்சன் அண்ணன் தன் முண்டின் ஓரத்திலிருந்து நூல்களை உருவினார். சேர்த்து, தொடையில் வைத்து, உள்ளங்கையால் ஒரே பக்கமாக உருட்டி, நுனியைக் கிள்ளி எண்ணெயில் தோய்த்தார். மாளு கண் இமைக்காமல் பார்த்தாள்.

“அம்மையும் இங்ஙனயாக்கும் உருட்டுது” என்றாள்.

அவர் திரியைச் சிரட்டையின் ஓரத்தில் வைத்தார்.

சார் டப்பாவைத் திறந்து, அதில் பிரிக்காமல் கிடந்த அவருடைய சொந்தத் தீப்பெட்டியை எடுத்தார். முதல் குச்சி காற்றில் போயிற்று. இரண்டாவதும் போயிற்று. மூன்றாவது குச்சிக்கு வில்சன் அண்ணன் இரண்டு கையையும் கூட்டிச் சுவர் போல வைத்தார், நான் கூடாரத்தின் மேல்துணியைக் கொண்டுவந்து பிடிக்கப் போனேன். “நைலான் இஞ்ச வரப்பிடாது” என்று சார் என்னைத் தள்ளிவிட்டு, தானே முதுகைக் காற்றுக்குக் காட்டி உட்கார்ந்தார். திரி பற்றிக்கொண்டது.

மாளு கால் மடக்கி உட்கார்ந்து கைகூப்பினாள். கண்ணை மூடி, சின்னக் குரலில், வேகவேகமாக நாமத்தைத் தொடங்கினாள். வீட்டில் பல குரல்களோடு சேர்ந்து சொல்லிப் பழகியவள் போலிருக்கிறது. தனியாகச் சொன்னபோது பாதியில் தடுமாறினாள். திரும்ப முதலிலிருந்து தொடங்கினாள். அதே இடத்தில் நின்றாள். கண்ணைத் திறந்தாள். முகம் மறுபடி கோணத் தொடங்கியது.

அப்போது வில்சன் அண்ணன் அடுத்த வரியைச் சொன்னார்.

மணலைப் பார்த்துக்கொண்டு, யாருக்கும் கேட்கக் கூடாது என்பது போலச் சொன்னார். மாளு அவரைத் திரும்பிப் பார்த்தாள். பிடித்துக்கொண்டு மேலே போனாள். இன்னோர் இடத்தில் தடுக்கியது, அங்கேயும் அவர் எடுத்துக் கொடுத்தார். கடைசிப் பகுதியை இருவரும் சேர்ந்தே சொன்னார்கள். அவருக்கு ஓர் இடமும் தப்பவில்லை.

நான் ஸ்டீபன் சாரைப் பார்த்தேன். மணல் வாளியை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, அந்தச் சின்னத் தீயின் மேலிருந்து கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். தீயணைப்பு வண்டியிலும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பார் என்று தோன்றியது. ஆனால் அவருடைய ஒரு கை, மாளுவின் பக்கமாகக் காற்று வராதபடி விரிந்து நின்றது.

“இனி அப்பாக்க பிரார்த்தனை” என்றாள் மாளு.

அப்பா என்று அவள் சொன்னதை அவர் கேட்டார். சிரட்டையைச் சுற்றியிருந்த மணலை அழுத்திவிட்டுச் சொன்னார்: “அப்பா சொல்லி ரொம்ப நாளாச்சு மோளே.”

“மறந்தா நான் சொல்லித் தரேன்” என்றாள் அவள். அந்த ஜெபம் அவளுக்குத் தெரியாது. தெரியும் என்று நினைத்துச் சொல்லவில்லை, முறைக்கு முறை என்று சொன்னாள். வில்சன் அண்ணன் சின்ன ஜெபம் ஒன்று சொன்னார். நடுவில் அவர் மூச்சு விட்ட இடத்திலெல்லாம் மாளு “ஆமென்” என்றாள். சார் மட்டும் கடைசியில் சரியான இடத்தில் சொன்னார்.

திரி எரிந்து முடியும் வரை யாரும் எழுந்திருக்கவில்லை. முடிந்ததும் சார் சிரட்டையில் மணலைப் போட்டு, அதன் மேல் தண்ணீரை ஊற்றி, கையால் தொட்டுப் பார்த்தார். மாளு முழுத் தட்டு மரச்சீனியும் தின்றாள். முள் எடுத்த மீனை வில்சன் அண்ணன் ஒவ்வொன்றாக ஊட்டினார். தலையில் தோர்த்தைக் கட்டியதும் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள்.

வில்சன் அண்ணன் வெளியே வந்து என் பக்கத்தில் நின்றார். நான் கேட்காமலேயே சொன்னார். “எங்க வீட்டில ஜெபம் தொடங்குத நேரமும் அவ வெளக்கு கொளுத்துத நேரமும் ஒண்ணுதான். முன்னறையில எனக்க வீட்டு ஆளுவ எல்லாரும் சத்தமா பாடுவாவ. அவ அடுக்களையில தனியா இருந்து நாமம் சொல்லுவா. நான் ரெண்டு இடத்துக்கும் போவாம அடுக்களைப் படியில நிப்பேன். ஒரு பக்கமும் பேசல்ல. பேசியிருக்கணும்.” கடலைப் பார்த்தார். “நின்ன நில்பில ஒக்க காதில விழுந்து கிடந்திருக்கு தம்பி. எனக்கே இன்னைக்குத்தான் தெரியும்.”

காலையில், சார் சர்ச்சிலிருந்து திரும்பிய பிறகு, விருந்தினர்களின் முதல் படகில் போனோம். சிந்து சேச்சி துறையில் நின்றுகொண்டிருந்தார். ராத்திரி ஃபோன் வராததால் தூங்காத முகம். படகு தொடுவதற்கு முன்பே மாளு எழுந்து நின்றாள், ஸ்டீபன் சார் ஜாக்கெட்டைப் பிடித்து உட்கார வைத்தார். கரையில் கால் வைத்ததும் ஓடினாள்.

“அம்மே, அப்பாக்கு முழுவனும் தெரியும்.”

“என்னது?”

“நாமம். நான் மறந்தப்ப அப்பாவாக்கும் சொல்லித் தந்நது. திரியும் அப்பா உருட்டிச்சு.”

சிந்து சேச்சி நிமிர்ந்து பார்த்தார். வில்சன் அண்ணன் ஜாக்கெட்டின் பட்டையை அவிழ்க்க முடியாமல் நின்றுகொண்டிருந்தார். அத்தனை வீட்டுக்கு வயர் இழுத்த கை, அந்த ஒரு கொக்கியில் தடுமாறியது.

“எப்ப படிச்சீங்க?” என்று சிந்து சேச்சி கேட்டார். துறைக்கு வந்த பிறகு அவரிடம் பேசிய முதல் பேச்சு அது.

“படிச்சதல்ல. படியில நின்னு கேட்டது.”

சிந்து சேச்சி குனிந்தார். மாளுவின் காதிலிருந்த மணலைச் சேலை நுனியால் துடைத்தார், தேவைக்கு மேல் நேரம் எடுத்துத் துடைத்தார். பையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு ஆட்டோவை நோக்கிப் போனார். பாதித் தூரம் போய் நின்றார். திரும்பி வந்தார்.

“அடுத்த வாட்டி எண்ணெயும் திரியும் நான் கொடுத்து விடுதேன்” என்றார் வில்சன் அண்ணனிடம். “செரட்டை ஒண்ணும் வேண்டாம். சின்ன வெளக்கு ஒண்ணு வீட்டில உண்டு.”

மற்ற விருந்தினர்களுக்கு லைட்டர்களைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்த ஸ்டீபன் சார், டப்பாவிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

“தீப்பெட்டி மட்டும் கொடுத்து விடாண்டாம், கேட்டியா மோளே” என்றார். “அது இஞ்ச உண்டு.”

அவர்கள் போன பிறகு அந்தப் பெட்டியை உப்புக்காற்று படாமல் பிளாஸ்டிக் உறையில் சுற்றித் தனியாக வைக்கச் சொன்னார். நான்தான் சுற்றினேன். அன்று அதில் செலவானது மூன்று குச்சிதான். இப்போது மிச்சம் நாலைந்து என்று பந்தியில் சொன்னீர்கள். நடுவில் உள்ளவை எங்கே போயின என்று இனி நீங்கள் கேட்க வேண்டாம். டப்பா அங்கேயே இருக்கட்டும்.